மறுநாள் வரும் வலி

திருமயத்துக் கோட்டையை உங்களுட் பலர் பார்த்திருக்கக்கூடும். இராமநாதபுரம் சேதுபதி 1687-ஆம் ஆண்டில் குன்றைச் சுற்றி எழுப்பிய கோட்டை அது. மேலே ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இறங்குவதோ விளையாட்டுப்போல் இருக்கும். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றதுண்டு. மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால், பலகையைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுவார்கள். “மலை ஏறினது, ஐயா” என்பார்கள். அவர்கள் தொடையை நோகச் செய்தது ஏற்றமன்று, பெரும்பாலும் இறக்கமே.

இதனை விளங்கிக்கொள்ளத் தசையின் உள்ளே சற்றுப் புகுந்து பார்க்க வேண்டும். தசை என்பது மயிரிழை போன்ற மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழைக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரதச் சரடுகள், கைவிரல்களைக் கோத்தாற்போல அடுக்கடுக்காக அமைந்துள்ளன. தசை சுருங்கும்போது இச்சரடுகள் குறுகுவதில்லை. ஒன்றன் இடையே மற்றொன்று வழுக்கிச் செல்கிறது. 1954-இல் இரு குழுவினர் இதனைத் தனித்தனியே கண்டு ஒரே இதழில் வெளியிட்டனர். ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர்!

கனமான பாத்திரம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மெல்ல இறக்குபவனை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இறுகப் பிடிக்கவும் வேண்டும். நழுவ விடவும் வேண்டும். படியிறங்கும்போது முன்தொடைத் தசையின் நிலை இதுவே. உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே அது நீள்கிறது. இவ்வாறு நீளும்போது உடல் குறைந்த இழைகளையே வேலைக்கு அழைப்பதால், ஒவ்வோர் இழைமீதும் சுமை மிகுகிறது. அதனால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் இழை நைகிறது.

தசைக்குள் நுண்ணிய கிழிசல் நேர்வதே இந்நோவுக்குக் காரணமாகலாம் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902-லேயே எழுதினார். 1981-இல் சுவீடன் நாட்டு ஃபிரிடேனும் அவர் துணைவர்களும், படியிறங்கி நோவு கண்டவர்களின் கெண்டைக்கால் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். சரடுகளைப் பிணைக்கும் குறுக்குக் கோடுகள் ஆங்காங்கே சிதைந்திருந்தன.

லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் சொல்லக் கேட்கிறேன். அவ்வமிலம் ஏறும்போதே மிகுதியாகப் பிறப்பது. பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பெரிதும் அகன்றுவிடும். மறுநாள் வலிக்கு அதன்மேல் பழிபோடுவது எவ்வாறு பொருந்தும்? இழை நைந்த இடத்திற்குக் குருதியிலிருந்து வெள்ளையணுக்கள் வருகின்றன. நீர் கோத்து வீங்குகிறது. நரம்பு நுனிகள் கூருணர்ச்சி பெறுகின்றன. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே வலி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சமடைந்து, ஒரு வாரத்திற்குள் தணிகிறது.

தணிவதோடு நின்றுவிடுவதுமில்லை. இழையின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணை உயிரணுக்கள் விழித்துப் பழுது பார்க்கின்றன. அவற்றை 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டறிந்தார். சில வாரங்களுக்குள் அதே இறக்கத்தில் மீண்டும் இறங்கினால் நோவு வெகுவாகக் குறைந்திருக்கும்.

காவலர் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் விடியற்காலையில் ஓடும் இளைஞர்களை எங்கள் பக்கத்தில் நாள்தோறும் காணலாம். அவர்களிற் சிலர், இரண்டாம் நாள் வலி கண்டதும் “நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது” என்று விட்டுவிடுகிறார்கள். அது வீண் அச்சம். இலேசாக நடந்தால் தசை இளகும். நல்ல உறக்கமும், பருப்பு, முட்டை போன்ற உணவும் போதும். வேறு சிலரோ முதல் நாளே முந்நூறு பஸ்கி எடுக்கிறார்கள். இதுதான் அஞ்சத்தக்கது. பழகாத பிள்ளையை நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போடச் செய்யும் ஆசிரியரும் இதே தீங்கைத்தான் செய்கிறார். அதைத் தண்டனை என்று நான் ஒப்பமாட்டேன்.

அளவு கடந்தால், சிறப்பாகக் கடும் வெயிலில், இழைகள் பெருவாரியாக உடைந்து, மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் குருதியில் கலக்கும். அது சிறுநீரகங்களைப் பழுதாக்கவல்லது. தொடை வீங்கி விறைத்து, சிறுநீர் தேநீர் வடிநீர்போலக் கருத்துப் போனால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே சிரையின் வழியே உப்புநீர் ஏற்றிச் சிறுநீரகங்களைக் காக்க முயல்வார்கள்.