கிதாரில் "கரண்ட்" வந்தது. ரசிகர்களுக்கு "ஷாக்" அடித்தது!

பாடகர் மேடைக்கு வந்தார். உடம்பில் கருப்புத் தோல் கோட்டு. தோளில் மின்சார கிதார். பின்னால் டிரம்ஸ், ஆர்கன் சகிதம் ஒரு கோஷ்டி.

முதல் பாட்டு தொடங்கியதுமே கூட்டத்தில் சலசலப்பு. அப்புறம் "ஊ... ஊ..." என்று கூச்சல்!

மூன்றே பாட்டு. பாடகர் இறங்கிப் போய்விட்டார்.

அமெரிக்காவில் நியூபோர்ட் நகரில் 1965-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி நடந்த நாட்டுப்பாடல் விழாவில்தான் இந்தக் களேபரம். கூச்சலுக்கு ஆளானவர் பாப் டிலான். அப்போது அவருக்கு வயது 24.

செல்லப்பிள்ளை

முந்திய 2 வருடங்களும் இதே விழாவில் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள்தான் இவர்கள். ஒரு சாதா கிதார், கழுத்தில் மாட்டிய மவுத் ஆர்கன். பக்கவாத்தியம் அவ்வளவுதான். 1963-ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்ட தலைவர்கள் தலைமையில் கறுப்பர் உரிமைக்காகக் கூடிய மாபெரும் கூட்டத்திலும் பாடினார். ஏழை எளியவர் பக்கம் நிற்கும் பாட்டுக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

நாட்டுப்பாடல் ரசிகர்களுக்கோ "ராக்" என்றால் இளக்காரம். காசுக்காகப் பசங்க போடுகிற ஆட்டம் என்ற நினைப்பு. அந்தப் பக்கம் நம்ம ஆளே போயிட்டாரே என்றால் ஆத்திரம் வராதா?

பாதி இடி, பாதி தூறல்

உண்மையில் குட்டு 4 மாதம் முன்பே உடைந்துவிட்டது!

1965 ஜனவரி மத்தியில் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனி ஸ்டூடியோவில் மூன்றே நாளில் ஒரு இசைத்தட்டு தயாரானது. பெயர் "பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்". எல்லாவற்றையும் வீட்டுக்கே திரும்பக் கொண்டு வருவது என்று பொருள். மார்ச்சில் வெளிவந்தது.

மொத்தம் 11 பாட்டு. முதல் பக்கத்தில் 7. எல்லாம் மின்சார கிதார், டிரம்ஸ் அதிரடி. தட்டைத் திருப்பிப் போட்டால் 4 பாட்டு. அதில் பழைய டிலான்! இங்கிலாந்தில் இந்த இசைத்தட்டு முதல் இடத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 6-வது இடம்.

பெயர் பொருத்தம்தான். ஹிப்பிங் என்ற சுரங்க ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது டிலான் ராக் பாட்டுப் பைத்தியம். ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டுடன் சேருவதே லட்சியம் என்று பள்ளி ஆண்டு மலரிலேயே போட்டிருக்கிறது. அந்த வகையில் அவர் மாறவில்லை. பழைய வீட்டுக்குத்தான் திரும்பினார்.

கட்டிப் புரண்டு சண்டை

இன்னொரு வேடிக்கை. அதே விழாவில் பட்டர்பீல்டு கோஷ்டியும் மின்சார கிதாருடன் வாசித்தது. அவர்களை நாட்டுப்பாடல் ஆராய்ச்சியாளர் ஆலன் லோமாக்ஸ் ஏளனமாக அறிமுகம் செய்ய, டிலானின் மானேஜர் ஆல்பர்ட் கிராஸ்மன் தட்டிக் கேட்டார். பேச்சு முற்றியது. பெரிய மனிதர்கள் இருவரும் தரையில் கட்டிப் புரண்டார்கள்!

டிலானுக்கு எதிராகக் கூச்சல் ஏன் என்பது இன்னும் தீராத வழக்கு. மின்சாரத்தால் என்கிறார்கள் சிலர். 3 பாட்டோடு போனதால் என்கிறார்கள் வேறு சிலர். ஒலிபெருக்கி இரைச்சலில் பாட்டின் வார்த்தையே காதில் விழவில்லை, அதுதான் தன் கோபம் என்று மூத்த பாடகர் பீட் சீகர் பிற்பாடு சொன்னார். அதிலும் நியாயம் உண்டு. டிலான் பாட்டில் வார்த்தைதானே உயிர்!

சமாதானம் செய்து மறுபடி மேடைக்கு அழைத்து வந்தார்கள். கையில் சாதா கிதார். மவுத் ஆர்கன் ஒன்று தேவைப்பட்டது. "யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டார். கூட்டத்திலிருந்து மேடையில் மவுத் ஆர்கன்கள் வந்து விழுந்தன! 2 பாட்டுப் பாடினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

"யூதாஸ்!"

அதோடு விட்டாரா? மறு வருடம் மே மாதம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகர மண்டபத்தில் கோஷ்டியுடன் வாசித்தார். ஒரு ரசிகர், "யூதாஸ்!" என்று கத்தினார். ஏசுவைக் காட்டிக் கொடுத்தவன் பெயர்! டிலான் தன் கோஷ்டிப் பக்கம் திரும்பினார். இன்னும் சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

நியூபோர்ட்டில் அவர் வாசித்த கிதார், ஒரு விமானத்தில் விட்டுப்போய், பல காலம் விமானியின் வீட்டில் கிடந்தது. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். போன விலை 9 லட்சத்து 65 ஆயிரம் டாலர்!