உடைவது எங்கே?

ஞாயிறு திருப்பலி முடிந்து நாம் இல்லம் திரும்பியபோது, கணபதிப் பகுதியில் லேத் பட்டறை நடத்திவரும் நம் பங்குக் குடும்பத் தலைவர் ஒருவர் மகனோடு காத்திருந்தார். மகன் கோவையிலேயே இயந்திரப் பொறியியல் பயின்று தேறியவன். கைக்கு எட்டிய வேலையை விடுத்து ஆராய்ச்சிக்குச் செல்ல விழைகிறான்.

"இரும்பு எப்படி ஒடையுதுன்னு படிக்கப் போறானாமுங்க சாமி. அதை நம்ம பட்டறையிலயே பாத்துக்கலாமே! அதுக்கு அஞ்சாறு வருசமுங்களா?" என்றார் தந்தை.

குருமடத்தில் நாம் கற்றதோ தத்துவமும் இறையியலும். ஆகவே பையனையே விளக்கச் சொன்னோம். பின்னர் நாமும் சில நூல்களைப் புரட்டினோம்.

திடப்பொருளின்மேல் பாரம் ஏறும்போது அதனுள்ளே எவ்விடத்தில் எவ்வளவு தகைவு எழுகிறது, அது எப்போது வளையும், எங்கே உடையும் என்று ஆராய்வதே இத்துறை. அகன்ற தகடு ஒன்றின் நடுவே சிறு வட்டத் துளையிட்டு இருபுறமும் இழுத்தால், துளையின் விளிம்பில் தகைவு மும்மடங்காகிறது. ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். துளையை இன்னும் சிறிதாக்கினாலும் அதே மும்மடங்குதான் என்பது நம்மை வியப்பில் ஆழ்த்தியது. வட்டம் கூர்மூலையாக மாறினாலோ தகைவு இன்னும் ஏறிவிடும்.

இது ஏட்டுக் கணக்கன்று. 1954 சனவரியிலும் ஏப்ரலிலும் காமெட் என்னும் ஆங்கிலேய ஜெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. மாண்டவர் 56 பேர். அதே வகை விமானம் ஒன்றைப் பெரும் நீர்த்தொட்டியில் இட்டு, பறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிச் சோதித்தனர். உடற்பகுதியில் இருந்த திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து அது கிழிந்தது. ஒருமுறை தாங்கும் பாரத்தைப் பல்லாயிரம் முறை தாங்க இயலாத உலோகக் களைப்பே காரணம் என அறியப்பட்டது.

தந்தை குறுக்கிட்டார்: "ஷாஃப்ட்டுல படி வர்ற எடத்துல மூலையைக் கூரா விட்டா, அங்கதானுங்க ஒடையும். ரேடியஸ் குடுத்துத்தான் நாங்க கடையறது." மகன் அவரை நிமிர்ந்து பார்த்தான். முப்பதாண்டுகளாக அவர் கைகள் அறிந்திருந்ததைத்தான் அவன் கணிதமாகக் கற்க விரும்புகிறான் போலும்!

வட்டத் துளைக்குச் சூத்திரம் உண்டு. பம்பு உறைக்கோ விமான இறக்கைக்கோ அத்தகைய எளிய சூத்திரம் கிடையாது. ஆகவே பொருளை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, கணினியைக் கொண்டு கணக்கிடுகின்றனர். 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் கிளஃப் இம்முறைக்கு 'பைனைட் எலிமெண்ட்' எனப் பெயரிட்டார்.

கணினி இருக்கையில் ஆராய்ச்சியாளர் எதற்கு? நார்வே நாட்டில் 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லைப்னர் என்னும் எண்ணெய்த் தளத்தின் மாபெரும் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. சுவரின் முக்கியமான இடத்தில் கூறுகளைச் சரியாக அமைக்காததால், கணினி தகைவை ஏறத்தாழ 47 விழுக்காடு குறைவாகக் காட்டியிருந்தது. கேட்டதற்குக் கணினி விடையளித்தது. கேட்ட விதம்தான் பிழை. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மைய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் ரூ. 37,000. முனைவர் பட்டம் பெற நான்கைந்து ஆண்டுகளேனும் ஆகும். அதுவரை திருமணமும் வீட்டுக் கடனும் காத்திருக்க வேண்டியதே. தங்கையின் திருமணத்திற்கு அண்ணனை நம்பியிருக்கும் வீடுகளில் இது சிறிய செய்தியன்று. நுழைவாயில் பெரும்பாலும் கேட் தேர்வு. சென்னை ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஆகிய இடங்களில் இத்துறை சிறந்து விளங்குகிறது. சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் கணினிக் கணக்கோடு நில்லாமல், மின்கம்பிக் கோபுரங்களை முழு அளவில் நிறுத்தி இழுத்தும் சோதிக்கின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-இல் பட்டம் பெற்ற சுப்ரா சுரேஷ் உலோகக் களைப்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர். பின்னாளில் மலேரியா தாக்கிய இரத்தச் சிவப்பணு எவ்வாறு விறைத்துப்போகிறது என்பதை ஆராய்ந்ததும் இதே இயலைக் கொண்டுதான்.

தந்தை அன்று இசைவு தரவில்லை, மறுக்கவும் இல்லை. நேர்முகத் தேர்வுக்காக மகன் புறப்பட்ட அன்று, பட்டறையில் உடைந்து கிடந்த ஷாஃப்ட்டுத் துண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி அவன் பையில் வைத்தாராம். "அங்க கேட்டா இதைக் காட்டு. எந்த எடத்துல மொதல்ல விரிசல் உட்டுதுன்னு நான் சுண்ணாம்புல கோடு போட்டிருக்கேன்" என்றாராம்.