பைசா கோபுரம் ஏன் இன்னும் விழவில்லை? காப்பாற்றியது பாதியில் நின்றுபோன வேலைதான்!

இத்தாலியின் பைசா நகரத்துக்குப் போனால், சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பது போல ஒரு போட்டோ எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆனால் அது தனிக் கோபுரம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் கதீட்ரல் தேவாலயத்தின் மணிக்கோபுரம். 1063-ல் வேலை தொடங்கிய அந்தப் பளிங்குத் தேவாலயம்தான் சதுக்கத்தின் உண்மையான ஹீரோ. பாவம், பாதிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எப்போது சாய்ந்தது?

கட்டி முடித்த பிறகு சாய்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை, கட்டும்போதே சாய்ந்துவிட்டது. 1173-ல் வேலை தொடங்கியது. அஸ்திவாரத்தின் ஆழம் சுமார் 3 மீட்டர்தான். அடியில் இருப்பதோ இளகிய களிமண். மூன்றாவது தளம் எழும்போதே ஒரு பக்கம் இறங்க ஆரம்பித்தது.

அதன்பின் வேலை கிட்டத்தட்ட 100 ஆண்டுகள் நின்றுபோனது. பைசா அப்போது அண்டை நகரங்களோடு சண்டையில் இருந்தது. அந்த இடைவெளியில்தான் பாரம் தாங்கித் தாங்கி களிமண் இறுகியது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் கோபுரம் அப்போதே சரிந்திருக்கும் என்கிறார்கள் மண்ணியல் பொறியாளர்கள். 1272-ல் மீண்டும் தொடங்கியவர்கள், சாய்வைச் சரிக்கட்ட மேல் தளங்களை ஒரு பக்கம் உயரமாகக் கட்டினார்கள். அதனால் உற்றுப் பார்த்தால் கோபுரம் லேசாக வளைந்திருக்கும்.

காப்பாற்றப் போய் வந்த வினை

1934-ல் முசோலினி ஆட்சியில் அஸ்திவாரத்துக்குள் சிமென்ட் கலவையைச் செலுத்தினார்கள். சாய்வு இன்னும் அதிகமானதுதான் மிச்சம். 1989-ல் பாவியா நகரில் இதேபோல ஒரு பழைய கோபுரம் திடீரென இடிந்து 4 பேர் உயிரிழந்தனர். அதிர்ந்துபோன அரசு, 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தை மூடியது.

மண்ணை எடுத்து நிமிர்த்தினார்கள்

தெற்கே சாயும் கோபுரத்துக்கு வடக்குப் பக்கம் நூற்றுக்கணக்கான டன் ஈயக்கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கைகொடுத்தது எளிமையான வழி. உயர்ந்து நிற்கும் வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தார்கள். அந்தப் பக்கம் மெல்ல இறங்க, கோபுரத்தின் உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் நிமிர்ந்தது. சுமார் 5.5 டிகிரி சாய்வு 4 டிகிரியானது. அதோடு வேண்டுமென்றேதான் நிறுத்தினார்கள். நேராக நின்றால் யார் டிக்கெட் எடுப்பார்கள்?

2001 டிசம்பரில் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது உச்சி வரை ஏறலாம். 8 வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்கு மட்டும் அனுமதி இல்லை.