குடலை இட்லியும் கொரியக் கிம்ச்சியும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிரசாதக் கடை முன் ஒரு கொரியக் குடும்பம் நின்றிருந்தது. ஹுண்டாய் நிறுவனம் 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், கொரியக் குடும்பங்கள் பல இவ்வட்டாரத்திலும் சென்னையிலும் வசித்து வருகின்றன. விடுமுறை நாட்களில் அவர்களில் சிலர் காஞ்சிக் கோயில்களையும், அய்யம்பேட்டை போன்ற நெசவாளர் ஊர்களையும் காண வருவதுண்டு.

இலையில் வைத்த இட்லித் துண்டைச் சிறுவன் ஆவலோடு வாங்கினான். தாய் தடுத்தார். மாவை இரவு முழுவதும் வெளியில் வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். "கெட்டுப்போய் இருக்காதா?" என்று கார் ஓட்டுநர் மூலம் கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "கெடாதும்மா, புளிக்கும்" என்றார்.

கெடுவதற்கும் புளிப்பதற்கும் என்ன வேறுபாடு?

அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே பலவகை நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாவை அரைத்து வைத்ததும் அவற்றினிடையே ஒரு போட்டி தொடங்குகிறது. அதில் முந்திக்கொள்வது பெரும்பாலும் லூகோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்னும் பாக்டீரியம். இட்லி மாவு உப்புவதிலும் புளிப்பதிலும் இதற்குள்ள முக்கியப் பங்கை 1965-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. இந்த பாக்டீரியம் மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. வாயு மாவை உப்பச் செய்கிறது. உளுந்தின் வழவழப்பு அவ்வாயுக் குமிழ்களை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது. அமிலமோ மாவைக் காக்கிறது. அழுகச் செய்யும் கிருமிகளில் பல அந்தப் புளிப்பில் பெருக முடிவதில்லை. அதாவது, புளிப்பு என்பது மாவு தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் வேலி.

வியப்பான செய்தி இனிமேல்தான் வருகிறது. கொரியர்கள் நாள்தோறும் உண்ணும் கிம்ச்சியைப் புளிக்க வைப்பதிலும் இதே லூகோநாஸ்டாக் இனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு! உப்பிட்ட முட்டைக்கோசுடன் மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி சேர்த்து ஜாடியில் அடைத்துச் செய்வது கிம்ச்சி. உப்பு, சவ்வூடு பரவலால் கோசின் நீரை வெளியே இழுக்கிறது. காய்கறிகளோடு வந்த பாக்டீரியங்கள் அந்த உப்பு நீரில் பெருகி அமிலம் சுரக்கின்றன. குளிர்காலத்துக்கு முன் குடும்பங்கள் கூடிக் கிம்ச்சி செய்து பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் நம் மாவு ஓர் இரவில் புளிக்க, மண்ணில் புதைத்த கிம்ச்சி ஜாடிக்கு மட்டும் வாரக்கணக்கில் ஆவது ஏன்? காரணம் வெப்பநிலை. காஞ்சியின் இரவு வெதுவெதுப்பானது. கொரியக் குளிர்காலத்து மண் உறைநிலையை ஒட்டியது. பொதுவாக வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இத்தகைய வினைகளின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். உழைப்பாளி ஒருவரே, ஊரின் வெப்பம்தான் வேறு.

மூன்று மணி நேரம் ஏன்?

கோயில் இட்லி நம் வீட்டு இட்லி போன்றதன்று. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் கலந்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி நீராவியில் வேக வைக்கிறார்கள். வீட்டு இட்லி பத்து நிமிடத்தில் வெந்துவிடும். இதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகிறது.

நீராவி குளிர்ந்த மாவைத் தொட்டதும் நீராக மாறுகிறது. அப்போது ஒவ்வொரு கிராம் நீராவியும் சுமார் 540 கலோரி உள்ளுறை வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. எனவே மேற்பரப்பு விரைவில் சூடாகிறது. ஆனால் மாவு வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். வெப்பம் நடுப்பகுதியை அடைய எடுக்கும் நேரம், அது கடக்கும் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு.

வீட்டு இட்லியின் தடிமன் 3 செ.மீ. என்றால், வெப்பம் இரு புறமிருந்தும் 1.5 செ.மீ. சென்றால் போதும். குடலையின் விட்டம் 12 செ.மீ. எனக் கொண்டால், அது 6 செ.மீ. செல்ல வேண்டும். தொலைவு 4 மடங்கு. நேரம் 16 மடங்கு. 10 நிமிடம் 160 நிமிடமாகிறது! வடிவம் வேறுபடுவதால் இது தோராயக் கணக்கே. எனினும் மடைப்பள்ளியின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகாதா? வேகாது. அழுத்தம் கூடாத பாத்திரத்தில் நீராவி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. தீயைக் கூட்டினால் விறகுதான் வீணாகும்.

வேகும்போது அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகி, குமிழ்களைச் சுற்றி இறுகுகிறது. மாவுச்சத்தின் இந்தப் பசைத்தன்மையை நெசவாளரும் அறிவர். பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டு இழைக்கு விறைப்பு ஏற்றுவது இதனால்தான். கொரியாவிலும் கிம்ச்சி மசாலாவில் அரிசிக் கஞ்சி கலப்பதுண்டு.

அன்று அந்தத் தாயிடம் கிம்ச்சியின் பெயரைச் சொல்லி, "இதுவும் அப்படித்தான்" என்று விளக்கினேன். சற்று யோசித்தவர், தாமே ஒரு துண்டை எடுத்து முதலில் சுவைத்துவிட்டு மகனிடம் கொடுத்தார்.

அண்டை வீட்டுக் கொரியர் கிம்ச்சி ஜாடியைத் திறக்கும்போது மூக்கைச் சுளிப்பவர் நம்மிலும் உண்டு. அடுத்த முறை அந்த மணம் வந்தால், நம் அடுப்படியில் புளித்துக்கொண்டிருக்கும் மாவுப் பாத்திரத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.