பயத்துக்கு மருந்து நோட்டீஸ் அல்ல!

‘‘டாக்டர், தட்டம்மை ஊசி போட்டா குழந்தைக்குப் பேச்சே வராதாமே... நிஜமா?’’

போன மாதம் என் வைத்தியசாலைக்கு வந்த ஓர் இளம் தாய் கேட்ட கேள்வி இது. இடுப்பில் பத்து மாதக் குழந்தை. செல்போனில் யாரோ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். நான் சித்த வைத்தியர் என்பதால், ‘ஊசியெல்லாம் வேண்டாம்மா’ என்று சொல்லிவிடுவேன் என்ற எதிர்பார்ப்பு வேறு!

‘‘கட்டாயம் போடணும்மா’’ என்றேன். முகத்தில் பயம் போகவில்லை. அப்போதுதான் அவருக்கு அமெரிக்காவில் குடியேறிய சோமாலியா நாட்டு அகதிகளின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் அது உபயோகப்படும்.

வெயில் மண்ணிலிருந்து பனி ஊருக்கு

1991-ல் ஆப்பிரிக்காவின் சோமாலியாவில் அரசாங்கம் கவிழ்ந்து, உள்நாட்டுப் போர் மூண்டது. லட்சக்கணக்கானோர் உயிர் தப்பி ஓடினார்கள். பலர் பக்கத்து நாடான கென்யாவின் தடாப் முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறு மாதம் பனி கொட்டுகிற ஊர் அது! அங்கே இறைச்சி பதனிடும் ஆலைகளில் வேலை கிடைத்தது. அகதிகளைக் குடியமர்த்தும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களும் இருந்தன. இன்று அமெரிக்காவில் சோமாலியர்கள் மிக அதிகமாக வாழும் மாநிலம் அதுதான்.

அப்படி வந்த குடும்பத்தைத் தொண்டு நிறுவனத்தார் விமான நிலையத்திலேயே வரவேற்பார்கள். வாடகை வீடு, குளிருக்குக் கோட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் ஏற்பாடாகும். முதல் சில மாதங்களுக்குள் உடல் பரிசோதனையும் உண்டு. காசநோய், பி வகை மஞ்சள் காமாலை, குடல் புழு, ரத்தசோகை என்று எல்லாம் பார்ப்பார்கள்.

பரிசோதனையில் தெரியாத ஒன்று உண்டு. அதுதான் மனசில் இருக்கிற பயம்.

பயம் பிறந்த விதம்

2008 வாக்கில் மினியாபோலிஸ் நகரத்து சோமாலியப் பெற்றோர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான சிறப்பு வகுப்புகளில் தங்கள் பிள்ளைகள் அதிகம் இருப்பதாகத் தோன்றியது. சோமாலி மொழியில் இந்த நோய்க்குப் பழைய சொல்லே கிடையாது. ‘ஊரில் இல்லாதது இங்கே வந்ததும் ஏன் வருகிறது?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? அதற்கு உருப்படியான பதில் சீக்கிரம் வரவில்லை.

பதில் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிதான் காரணம் என்ற பேச்சு பரவியது. இதைக் கிளப்பிவிட்டது 1998-ல் வெளியான ஒரு கட்டுரை. எழுதியவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய டாக்டர். பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதியது! அதில் முறைகேடு இருந்தது அம்பலமாகி, 2010-ல் அந்த மருத்துவ இதழ் கட்டுரையை வாபஸ் வாங்கியது. அதே ஆண்டு அவர் பெயரை டாக்டர்கள் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். அப்புறமும் அவர் மினியாபோலிஸ் வந்து சோமாலியப் பெற்றோர்களைச் சந்தித்தார்.

நிஜம் என்ன? ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதில். முதல் ஊசி அங்கே போடப்படுவது ஒரு வயதை ஒட்டி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்! பல நாடுகளில், லட்சக்கணக்கான குழந்தைகளிடம் ஆராய்ந்தும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் காணப்படவில்லை.

ஆனாலும் பயம் ஜெயித்தது. அந்த மாநிலத்து சோமாலியக் குழந்தைகளில் 2004-ல் நூற்றுக்கு 92 பேர் ஊசி போட்டிருந்தார்கள். 2014-ல் அது 42 ஆகச் சரிந்தது.

தட்டம்மை சும்மா இருக்குமா?

இந்தக் கிருமி காற்றில் பரவுவது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அங்கே இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நெருங்கினால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். தடிப்பு வெளியே தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஓர் ஊரில் நூற்றுக்கு 95 பேருக்காவது பாதுகாப்பு வேண்டும் என்கிறோம்.

2017 ஏப்ரலில் மினசோட்டாவில் தட்டம்மை வெடித்தது. மொத்தம் 75 பேருக்கு வந்தது. பெரும்பாலோர் ஊசி போடாத சோமாலியக் குழந்தைகள். இருபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நல்லவேளை, உயிரிழப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து பேசியவர்கள்

அச்சடித்த நோட்டீஸ்கள் ஏன் பலிக்கவில்லை? சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வமான எழுத்துமுறை வந்ததே 1972-ல்தான். செய்தியும் பாட்டும் கதையும் வாய்வழியாகவே போகிற சமுதாயம். போரினால் பள்ளிக்கூடம் போகாத தாய்மார்களும் ஏராளம். அவர்கள் கையில் காகிதத்தைக் கொடுத்து என்ன பயன்?

பலித்தது வேறு. சோமாலி பேசும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். தேநீர் குடித்தபடி உட்கார்ந்து, முதலில் தாய் சொல்வதைக் கேட்டார்கள். மசூதிகளில் இமாம்கள் பேசினார்கள். சோமாலிய டாக்டர்கள் முன்வந்து விளக்கினார்கள். சில வாரங்களுக்குள் மாநிலத்தில் வாரந்தோறும் போடப்படும் ஊசிகளின் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆகஸ்டில் நோய் அடங்கியது.

இப்படிப்பட்ட சமூக சுகாதாரப் பணியாளர்களின் சேவைக்கு, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் தர அந்த மாநிலம் 2007-லேயே சட்டம் செய்திருந்தது. ஆனால் நோய் அடங்கினால் கவனமும் அடங்கிவிடுகிறது. 2024-ல் மறுபடி 70 பேருக்குத் தட்டம்மை. அதிலும் ஊசி போடாத சோமாலியக் குழந்தைகளே அதிகம். வீடு பற்றி எரியும்போது மட்டும் தண்ணீர் தேடினால் போதாது. தினமும் யாராவது காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

* நம் அரசு சுகாதார நிலையங்களில் தட்டம்மை-ருபெல்லா ஊசி இலவசம். ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் தடவை. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டும் முக்கியம்.

* அம்மை கண்ட குழந்தைக்கு வேப்பிலை அரிப்புக்கு இதம் தரும். இளநீர், மோர், கஞ்சி நீர்வற்றாமல் காக்கும். ஆனால் இவை எதுவும் நோயைத் தடுக்காது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நானே சொல்கிறேன்.

* மூச்சிரைப்பு, வலிப்பு, கண் கலங்கல், ஓயாத வயிற்றுப்போக்கு கண்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வைட்டமின் ‘ஏ’ தரவேண்டும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

* பக்கத்து வீட்டில் யாராவது பயந்தால் கேலி செய்யாதீர்கள். ‘எதுக்குப் பயப்படறீங்க?’ என்று கேளுங்கள்.

என்னிடம் வந்த அந்தத் தாய் மறு வாரம் வந்தார். ‘‘ஊசி போட்டாச்சு டாக்டர். எங்க நாத்தனாரும் இதே பயத்துலதான் இருந்தாங்க. நானே உட்கார்ந்து பேசி, கூட்டிட்டுப் போய்ப் போட வச்சுட்டேன்’’ என்றார்.

மினியாபோலிஸில் சம்பளம் கொடுத்து நடக்கிற சேவையை அந்தப் பெண் சும்மாவே செய்துவிட்டார்!