நொடி அவிழ்த்தல்

விடுகதை என்று பாடப்புத்தகங்கள் சொல்வதை எங்கள் ஊரில் நொடி என்போம். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்பவற்றின் வரிசையிலேயே 'பிசி' என்று இதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ்க் கல்வி பற்றி நாம் நடத்தும் விவாதங்களிலோ பாடத்திட்டம் வரும், பரீட்சை வரும், பேச்சுப்போட்டி வரும், நொடி வருவதில்லை. சின்னப்பிள்ளை விளையாட்டு என்ற அலட்சியம்தான் காரணம் என நினைக்கிறேன்.

நான் பேச எடுத்துக்கொள்வது நொடிகளில் ஒரு வகையை மட்டும். தேன்கூட்டை ஆயிரம் தச்சர் கட்டிய மண்டபமாகக் காட்டுவது உருவக நொடி. அது பொருளை மறைத்து வைக்கிறது. ஏமாற்று நொடி எதையும் மறைப்பதில்லை. எல்லாவற்றையும் முன்னால் வைத்துவிட்டு, கேட்பவர் தானாகவே வழிதவறிப் போக விடுகிறது. மரத்தில் பத்துக் குருவி. ஒன்றைத் துவக்கால் சுட்டால் மரத்தில் மிச்சம் எத்தனை? கழித்தல் தெரிந்தவர் ஒன்பது என்பார். கழித்தலில் வெடிச்சத்தம் இல்லை. சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு குருவியும் இராது என்பது தெரியும்.

இன்னொன்று: இலங்கைக்குத் தாவிப்போய்ச் சீதையைக் கண்ட வீமனின் வாலில் தீ வைத்தவர்கள் யார்? இராவணனின் ஆட்கள் என்று பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். தாவியது அனுமன். இருவரும் வாயுவின் மைந்தர்கள் என்பதால் பெயர் மாறியது காதில் உறைப்பதில்லை. வீமனுக்குப் பதிலாகச் சகுனி என்று போட்டிருந்தால் எவரும் ஏமாறமாட்டார். 1981 இல் எரிக்சன், மாற்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்து எழுதினார்கள். மோசே பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார் என்று கேட்டபோது பலர் இரண்டு என்றார்கள். பேழை நோவாவினுடையது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆக, இங்கே பொறியாவது அறியாமை அல்ல, அறிவுதான். இராமாயணம் தெரியாத பிள்ளை விழாது, "வீமன் யார்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு இதிகாசங்களையும் சொல்ல வேண்டிவரும். பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்விப்பதைவிட இது எனக்கு உவப்பான வழி.

கணக்கிலும் இதே கதைதான். மட்டையும் பந்தும் சேர்ந்து 1 டொலர் 10 சதம். பந்தைவிட மட்டை 1 டொலர் கூட. பந்தின் விலை என்ன? நாக்கில் வருவது 10 சதம். சரியான விடை 5 சதம். ஷேன் பிரெடெரிக் 2005 இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய மூன்று கேள்விகள் இருந்தன. எம்.ஐ.டி. மாணவர்களில்கூட மூன்றுக்கும் சரியாக விடை சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு.

ஐரோப்பாவில் இந்த வகை மிகப் பழையது. 782 இல் சார்லமேன் மன்னனின் அவைக்கு வந்த யோர்க் நகரத்து அல்குயினின் பெயரில், இளைஞரின் புத்தியைத் தீட்டவென்று ஐம்பதுக்கு மேற்பட்ட கணக்குகள் கொண்ட தொகுப்பு ஒன்று வழங்குகிறது. அதில் ஒரு கேள்வி: நாள் முழுதும் உழுத மாடு கடைசி உழவுசாலில் எத்தனை காலடி பதித்திருக்கும்? நான் முன்னர் கணிதம் விரிவுரைத்தவன். இப்போது ஜெர்மனியில் உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடுக்குகிறவன். இடைவேளையில் இதைக் கேட்டுப் பார்த்தேன். எங்கள் மேற்பார்வையாளர் உழவுசாலின் நீளம் என்ன என்று கேட்டார். அனத்தோலியாக் கிராமம் ஒன்றில் வளர்ந்த துருக்கித் தோழர் ரொட்டியை மென்றபடியே "ஒன்றுமில்லை" என்றார். மாடு முன்னால் போகிறது, கலப்பை பின்னால் வருகிறது, காலடி அத்தனையும் மண்ணுக்குள் போய்விடுகிறது.

அதே தொகுப்பில் எனக்குப் பிடிக்காத கணக்கும் உண்டு. 300 பன்றிகளை மூன்று நாளில், நாளொன்றுக்கு ஒற்றைப்பட எண்ணிக்கையில் கொல்லவேண்டும். மூன்று ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை ஒற்றையாகத்தான் வரும், 300 வராது. தீர்வு என்ற இடத்தில், இது தீராத கணக்கு, கண்டிப்பதற்காகச் செய்யப்பட்டது என்றே எழுதியிருக்கிறது. இது நொடி அல்ல, பிரம்பு. விரிவுரை மேடைகளில் இந்தப் பழக்கத்தை நிறையக் கண்டிருக்கிறேன். ஏமாந்தவரும் சேர்ந்து சிரிக்கமுடியாத நொடியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகக்கூடாது. பெரியவர்களும் ஏமாறத் தயாராக இருக்கவேண்டும். வீட்டில் தமிழைத் திருத்துகிறவர்களாகவே எங்களைப் பார்த்துவரும் பிள்ளைகள், அப்பா விழுவதைத் தமிழில் ஒருமுறை பார்க்கட்டுமே.

சிக்கல் சொல் விளையாட்டில் வருகிறது. 'ஆறு எப்போது அறுபதைவிடப் பெரிதாகும்?' 'மகாவலி ஆகும்போது.' இங்கு பிறந்த பிள்ளைகள் பலருக்கு ஆறு என்பது எண் மட்டுமே. ஓடும் ஆற்றை 'ஃபுளுஸ்' என்றே அறிவார்கள். விளக்கினால் சிரிப்பு செத்துவிடும். ஆனால் பிள்ளைகளிடம் ஆற்றல் இல்லை என்பதல்ல. ஜெர்மன் பிள்ளைகளோடு 'டேகெஸல்ஷென்', அதாவது 'சின்னத் தேநீர்க் கேத்தில்' என்ற விளையாட்டை ஆடுகிறார்கள். இரண்டு பொருள் தரும் ஒரு சொல்லை இருவர் இரகசியமாக எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பொருளைப் பற்றித் துப்புக் கொடுப்பார்கள். 'ஷ்லொஸ்' என்றால் அரண்மனையும் பூட்டும். அதே விளையாட்டில் மாலையை வைத்துப் பாருங்கள். 'என்னுடைய கேத்தில் தினமும் வரும்.' 'என்னுடையது மாப்பிள்ளையின் கழுத்தில் விழும்.' படி, திங்கள், கால் என்று தமிழில் சரக்குக்குக் குறைவில்லை. முதலில் இப்படி ஆடிவிட்டு, பிறகு மகாவலிக்கு வரலாம்.

உழவுமாட்டுக் கேள்வியை எங்கள் தமிழ்ப் பாடசாலையிலும் கேட்டேன். கலப்பை கண்டிராத பிள்ளைகள் என்பதால் கரும்பலகையில் மாடு, கலப்பை, பின்னால் மேழி பிடித்து நடப்பவர் என்று படம் கீறவேண்டியிருந்தது. விடையைக் கேட்டுவிட்டு ஒரு சிறுமி கையை உயர்த்தினாள்.

"அப்ப பின்னால போற ஆளின்ர காலடி அழியாதே, சேர்?"

அல்குயின் அதைக் கேட்கவில்லை.