செய்தி பிறக்கும் இடம்

நாள்தோறும் காலையில் செய்தித்தாளை விரிக்கிறோம். அல்லது கைபேசியைத் திறக்கிறோம். கண்ணில் பட்ட செய்தி உண்மையா, பொய்யா என்று நண்பரோடு வாதிடுகிறோம். அவ்வாதத்துக்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நேற்று இந்நகரில் ஆயிரமாயிரம் நிகழ்ச்சிகள் நடந்தன. அவற்றுள் இந்த இருபது மட்டும் செய்தியானது எப்படி? யார் தேர்ந்தார்? எதைக் கருதித் தேர்ந்தார்? இக்கேள்விக்கு முறையாக விடை தேடும் கல்விக்கே இதழியல் ஆராய்ச்சி என்று பெயர்.

இது ஏதோ பத்திரிகை வேலைக்குப் போவோர் படிக்கும் பாடம், நமக்கென்ன என்று எண்ணுவோர் இருக்கலாம். பெங்களூரில் பயிலும் தமிழ் மாணவர் அவ்வாறு எண்ணுவதற்கில்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களை நினைவு கூர்வோம். அம்மாதம் 5ஆம் நாள், தமிழகத்துக்கு நாளொன்றுக்கு விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்கள் காவிரி நீர் விடவேண்டும் என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 12ஆம் நாள் அவ்வாணை திருத்தப்பட்டது. அளவு 12,000 கன அடியாகக் குறைந்தது. காலமோ 20ஆம் நாள் வரை நீண்டது. இவ்வாணைக்கு இரண்டு தலைப்புகள் இடலாம். "காவிரி நீர் குறைப்பு" என்பது ஒன்று. "மேலும் சில நாட்கள் நீர் விட உத்தரவு" என்பது மற்றொன்று. இரண்டில் எதுவும் பொய்யன்று. ஆனால் ஒன்றைப் படித்தவர் மனநிலை வேறு, மற்றதைப் படித்தவர் மனநிலை வேறு.

அந்நாட்களில் பெங்களூரில் தமிழ் மாணவர் ஒருவர் தாக்கப்பட்ட காட்சி தமிழகமெங்கும் பரவியது. சென்னையிலும் இராமேசுவரத்திலும் கன்னடர் தாக்கப்பட்ட செய்தி 12ஆம் நாள் காலையில் கருநாடகமெங்கும் பரவியது. அன்று பிற்பகலில் இந்நகர் எரிந்தது. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் பல, நிறுத்தியிருந்த இடத்திலேயே சாம்பலாயின. அதற்கு முன் 1991ஆம் ஆண்டு டிசம்பரிலும் காவிரியை முன்னிட்டே இங்குக் கலவரம் மூண்டது, பலர் உயிரிழந்தனர். செய்தியே கலவரத்தை விளைத்தது என்று நான் கூறவில்லை. செய்திக்கு அதில் எத்துணைப் பங்கு, அரசியலுக்கு எத்துணைப் பங்கு, வதந்திக்கு எத்துணைப் பங்கு என்று பிரித்தறியவேண்டும். அதற்குக் கோபம் உதவாது, ஆராய்ச்சியே உதவும்.

நம் நாட்டில் செய்தித்தாள் 1780ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஹிக்கி என்பவரால் தொடங்கப்பட்டது. தமிழில் 1882ஆம் ஆண்டில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' இதழைத் தோற்றுவித்தார். ஆயினும் அத்தொழிலைப் பல்கலைக்கழகத்தில் வைத்துக் கற்பிப்பது நெடுங்காலம் கழித்தே வந்தது. லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941ஆம் ஆண்டிலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947ஆம் ஆண்டிலும் இதழியல் பயிற்சியைத் தொடங்கின. கருநாடகத்தில் 1951ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா கல்லூரியில் அது பாடமாயிற்று. அதனை வளர்த்த நாடிக கிருஷ்ணமூர்த்தி, இந்திய இதழியலின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1966ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தொழிலைக் கற்பித்தல் முதற்படி. தொழிலையே ஆராய்தல் அடுத்த படி. அவ்வாராய்ச்சிக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எண்ணிப் பார்ப்பது. 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்ட்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் என்னும் இருவர் இதனைச் செய்து காட்டினர். ருஷ்யப் புரட்சி பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' மூன்றாண்டுகளில் வெளியிட்ட செய்திகளை அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தனர். போல்ஷெவிக் ஆட்சி கவிழப்போகிறது, அல்லது கவிழ்ந்தேவிட்டது என்னும் பொருளில் அவ்விதழ் 91 முறை எழுதியிருந்தது! ஆட்சியோ கவிழவில்லை. நிருபர்கள் கூலிக்குப் பொய் எழுதினர் என்று ஆராய்ந்தோர் முடிவு கட்டவில்லை. தாம் காண விரும்பியதையே கண்டார்கள் என்றனர். ஒரு செய்தியைப் படித்தால் இக்குறை புலப்படாது. ஆயிரம் செய்திகளை வரிசைப்படுத்தினால்தான் புலப்படும். ஆராய்ச்சியின் பயன் இங்கே விளங்குகிறது.

இரண்டாம் வழி, அருகிருந்து பார்ப்பது. 1949ஆம் ஆண்டு பிப்ரவரியில் டேவிட் மானிங் ஒயிட் என்பவர், சிறு நகர இதழொன்றில் தந்திச் செய்திகளைப் பொறுக்கும் ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஒரு வார காலத்துக்கு, ஒதுக்கிய ஒவ்வொரு தாளிலும் ஒதுக்கிய காரணத்தைக் குறித்துவைக்கக் கேட்டார். வந்தவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குப்பைக் கூடைக்குப் போயிருந்தது. இடமில்லை என்பது பல தாள்களில் கண்ட காரணம். அவருடைய சொந்த விருப்பு வெறுப்பும் சிலவற்றில் தெரிந்தது. 1950ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சிக்குப் பின், அத்தகைய ஆசிரியருக்கு 'வாயிற்காப்போன்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

கேய் டக்மன் என்னும் அம்மையார் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை இன்னும் ஆழமாக விளக்கினார். செய்தி நிறுவனம் நகரின்மேல் ஒரு வலையை விரிக்கிறது. காவல் நிலையம், நீதிமன்றம், அரசு அலுவலகம் ஆகிய இடங்களில் அவ்வலையின் முடிச்சுகள் உள்ளன. அங்கே நடப்பவை அகப்படுகின்றன. பிற இடத்தில் நடப்பவை கண்களின் வழியே நழுவிவிடுகின்றன. இதைப் பெங்களூருக்குப் பொருத்திப் பாருங்கள். விதான சௌதாவில் அமைச்சர் இருமினாலும் செய்தியாகும். நகரின் ஓரத்தில், கட்டட வேலைக்கு வந்த கூலிகளின் தகரக் கொட்டகையில் ஒரு மாதம் குடிநீர் வராவிட்டாலும் செய்தியாவது அரிது. நிருபர் இரக்கமற்றவர் என்பதன்று காரணம். அங்கே முடிச்சு இல்லை என்பதே காரணம்.

நம் நகரின் செய்திக்கூடங்களையே ஆராய்ந்த நூலும் உண்டு. சஹானா உடுப்பா என்பவர் எழுதி 2015ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது அது. தகவல் தொழில்நுட்பத்தால் பெங்களூர் உலக நகரமாக உருமாறிய காலத்தில், இங்குள்ள ஆங்கில, கன்னட நாளிதழ்கள் எவ்வாறு இயங்கின என்பதை அது ஆராய்கிறது. அதிலிருந்து நான் கற்ற பாடம் இது: ஒவ்வோர் இதழும் தன் வாசகர் இன்னார் என்று மனத்துள் ஓர் உருவம் வரைந்துகொள்கிறது. ஆங்கில இதழின் வாசகர் வளரும் நகரத்தில் மேலேற விழைபவர். கன்னட இதழின் வாசகரோ தம் மண்ணில் தம் மொழிக்கு இடம் சுருங்குமோ என்று கவலையுறுபவர். 2006ஆம் ஆண்டில் 'டைம்ஸ் ஆப் இந்தியா' நிறுவனம் கன்னட நாளிதழான 'விஜய கர்நாடக'வை வாங்கிற்று. ஒரே உடைமையாளர், ஒரே நகரம். ஆயினும் இரு மொழி, இரு வாசகர். தமிழ் இதழின் மனத்திலும் இப்படி ஒரு வாசகர் இருப்பார் அன்றோ? அவர் சென்னையில் இருப்பவரா, இங்கிருக்கும் நாமா? 'தினத்தந்தி' பெங்களூரிலும் அச்சாகிறது என்பதால் இக்கேள்வி நமக்குரியதே.

மூன்றாம் வழி, படிப்போரைக் காண்பது. பிரான்சிஸ் கோடி என்னும் மானிடவியலார் தமிழகத்தின் தேநீர்க்கடைகளில் அமர்ந்து, மக்கள் செய்தித்தாளை எவ்வாறு படிக்கின்றனர் என்று ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு முதல் கட்டுரைகள் எழுதினார். ஒருவர் உரக்கப் படிக்க நால்வர் கேட்பதும், கேட்டதை வைத்து வழக்காடுவதும் நம் நாட்டுப் பழக்கம். 1942ஆம் ஆண்டில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எளிய மக்கள் பேசும் தமிழை ஒட்டியே செய்தி எழுதவேண்டும் என்று தம் நிருபர்க்கு விதி வகுத்தது இவ்வாசகரை உன்னித்தான். ஆகவே செய்தி அச்சானவுடன் அதன் பயணம் முடிவதில்லை. தேநீர்க்கடையில் அது மறுபிறவி எடுக்கிறது. இன்று அத்தேநீர்க்கடையின் இடத்தைக் கைபேசிக் குழுக்கள் பிடித்துவிட்டன. கடையிலாவது படித்தவர் முகம் தெரியும். குழுவில் அனுப்பியவர் பெயர் தெரியும். எழுதியவர் யார் என்பது தெரியாது.

இனி, தொழில் மாறிய விதத்தைப் பார்ப்போம். முன்னாளில் நிருபர் எழுதியதைத் துணையாசிரியர் திருத்துவார். அச்சுக் கோப்போர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்குவார். மெய்ப்புப் பார்ப்போர் பிழை நீக்குவார். ஒரு செய்தி நான்கு கண்களையும் கைகளையும் தாண்டியே வாசகரிடம் வந்தது. தந்தியும் அத்தொழிலின் உயிர்நாடியாக இருந்தது. அத்தந்திச் சேவையே 2013ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டில் நின்றுவிட்டது. இன்று ஒரே இளைஞர் செய்தி திரட்டுகிறார், படம் பிடிக்கிறார், எழுதுகிறார், இணையத்தில் ஏற்றுகிறார். இடைநின்ற கைகள் மறைந்தன. அவற்றோடு சரிபார்க்கும் வேளையும் குறைந்தது. 2023ஆம் ஆண்டில் கன்னடத் தொலைக்காட்சி ஒன்று, செயற்கை நுண்ணறிவால் ஆன உருவத்தைக் கொண்டே செய்தி வாசிக்கச் செய்தது.

வாயிற்காப்போனும் மாறிவிட்டார். எத்தனை பேர் ஒரு செய்தியைத் திறந்தனர் என்னும் எண் இப்போது செய்திக்கூடத் திரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆஞ்ஜெல் கிறிஸ்தேன் என்பார் பாரிஸ், நியூயார்க் நகரங்களின் இணையச் செய்திக்கூடங்களை ஒப்பிட்டு 2020ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். ஒரே வகை எண்தான். ஆனால் நியூயார்க்கில் ஆசிரியர்கள் அதைக் கவனிக்க, எழுதுவோர் பெரிதும் பொருட்படுத்தவில்லை. பாரிஸிலோ எழுதுவோரே அதில் மூழ்கினர். எந்திரம் ஒன்றாயினும் அதைக் கையாளும் மரபு வேறாயின் விளைவும் வேறு என்பதே இதன் பொருள். 'எல்லாம் தொழில்நுட்பத்தின் வினை' என்று கைகழுவுவோர்க்கு இது தக்க விடை.

உழைப்போர் நிலையையும் மறத்தலாகாது. 1955ஆம் ஆண்டின் பத்திரிகையாளர் சட்டம், நான்கு வாரங்களில் 144 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று வரையறுத்தது. ஊதியக் குழுக்களுக்கும் வழி செய்தது. 2020ஆம் ஆண்டில் இயற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதனை நீக்க வகை செய்தது. நிலையான வேலையின்றி, செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோர் துணிந்து உண்மை எழுதுவது எளிதன்று. துணிந்தோர்க்கு நேர்ந்ததையும் இந்நகர் அறியும். விளம்பரமே பெறாமல் இதழ் நடத்திய பி. லங்கேஷின் மகளும் பத்திரிகையாசிரியருமான கௌரி லங்கேஷ், 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் இராஜராஜேசுவரி நகரில் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பத்திரிகையாளர் குரல் சென்று சேராவிட்டால் என்ன நேரும்? 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில், தாக்கப்போகிறார்கள் என்னும் வதந்தியை நம்பி, வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூர் இரயில் நிலையத்தில் குவிந்து ஊர் திரும்பினர். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை அரசு சில நாட்கள் தடை செய்யவேண்டியதாயிற்று. நம்பத்தக்க செய்தி இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாணவ நண்பர்களே! இவ்வாராய்ச்சிக்கு நம்மைப் போன்று வாய்ப்புடையார் சிலரே. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று மும்மொழியும் நம் காதில் விழுகின்றன. கன்னடம் படிக்கத் தெரியாதவர் இன்றே தொடங்கலாம். பொருளும் நம் அருகிலேயே இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் 1991ஆம் ஆண்டு முதல் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இவ்விரு விழாக்களையும் தமிழ், கன்னட, ஆங்கில இதழ்கள் எப்பக்கத்தில், எத்தனை வரியில், யார் சொல்லைக் கொண்டு எழுதின? நால்வர் கூடி ஒரு விடுமுறைக் காலத்தில் எண்ணிவிடலாம். முதலில் பழைய இதழ்களைத் தேடுக. பின் ஒரே அளவுகோலை வகுத்துக்கொள்க. ஒருவர் எண்ணியதை மற்றவர் பாராமல் மீண்டும் எண்ணுக. இரண்டும் ஒத்தாலன்றி முடிவு கூறற்க.

இது புதிய நெறியன்று. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்குமாறு திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்கு அறிவுரை கூறுகிறது. இன்று அரசர் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுப்போர் நாமே. ஆதலின் அவ்வறிவுரையும் நமக்கே உரியது. மீண்டும் ஒருமுறை காவிரி பற்றிய தலைப்பு கண்ணில் படும்போது, உடனே சினவாமல், அயல்மொழி இதழ் அதையே எவ்வாறு எழுதியது என்று தேடிப் படிக்கும் மாணவர் நூற்றுவர் இந்நகரில் இருப்பாராயின், அதுவே இவ்வாராய்ச்சியின் முதற்பயன் ஆகும்.